பச்சை குத்துதல்: இடமும் அளவும் எவர் கையில்?

ஓலையில் எழுதியதைக் கிழிக்கலாம்; தாளில் எழுதியதை எரிக்கலாம்; கல்லில் வெட்டியதையும் உளி கொண்டு சிதைக்கலாம். தோலில் எழுதிய எழுத்தோ ஆளோடு நடந்து, ஆளோடு உழைத்து, ஆளோடுதான் மறைகின்றது. செத்த பின்பும் கூட வருவது பச்சை ஒன்றுதான் என்று நம் ஊர் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம்.

நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசாங்க ஆவணங்களையும் தேடுகின்றனர். அவற்றில் நம்மவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய வரிகள் மிகச் சில. ஆயா என்று நாம் அழைக்கும் பாட்டிமாரின் முன்கையில் காணும் கோலமும் தேளும் பெயரெழுத்தும் அத்தகைய வரிகளில் சேர்த்து எண்ணத்தக்கவை. புவனகிரி, காட்டுமன்னார்கோயில், பண்ணுருட்டிப் பக்கத்து ஊர்களில் அவற்றைத் தாங்கிய கைகளை இன்றும் காணலாம். ஆண்டுதோறும் அவை குறைந்து வருகின்றன.

இக்கட்டுரையில் நாம் ஆராய்வது இரண்டே செய்திகள். பச்சை உடலின் எவ்விடத்தில் இடப்பட்டது? எவ்வளவு பெரிதாக இடப்பட்டது? இவை சிறு செய்திகள் போலத் தோன்றும். ஆயினும் இவ்விரண்டையும் முடிவு செய்தவர் யார் என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்டால், அடிமையின் வரலாறும் தன்மானத்தின் வரலாறும் ஒருங்கே விளங்கும். கடலூரிலும் சிதம்பரத்திலும் பச்சை குத்தும் கடையில் கையை நீட்டி அமரும் நம் இளைஞர்க்கும் அவ்விளக்கம் பயன்படும்.

பெண்ணாகடத்துப் பொறி

சங்க காலப் பெண்டிர் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர். அதனைப் பச்சை குத்துதலென்று கருதுவோர் உளர். தொய்யில் சந்தனக் குழம்பு முதலியவற்றால் எழுதப்படுவது, கழுவினால் போவது. ஊசியால் குத்தியோ நெருப்பால் சுட்டோ அழியாதபடி இடும் குறியைப் பொறி என்றும் இலச்சினை என்றும் முன்னோர் வழங்கினர்.

இத்தகைய பொறியைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி ஒன்று நம் கடலூர் மாவட்டத்தையே களமாகக் கொண்டது. பண்ணுருட்டிக்கு அருகில் உள்ள திருவாமூரில் பிறந்தவர் திருநாவுக்கரசர். சமணத்திலிருந்து திருவதிகையில் சைவத்திற்கு மீண்ட அவர் பெண்ணாகடத்துத் தூங்கானைமாடக் கோயிலுக்குச் சென்று, தம் உடலில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பட வேண்டும் என வேண்டினார். பூதம் ஒன்று அவருடைய தோள்களில் அவற்றைப் பொறித்தது என்று பெரியபுராணம் கூறும். அந்நூலைச் சேக்கிழார் தில்லையில் அரங்கேற்றியது 12-ஆம் நூற்றாண்டில்.

வைணவ மரபிலும் குரு தம் மாணாக்கர்க்கு வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் சுட்டு இடுகிறார். இடமும் வரையறுக்கப்பட்டது, அளவும் சிறியது. விரும்பிச் சென்று பெறுவோர்க்கே அது இடப்படும்.

ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் சூலப்பொறியின் மறுபக்கத்தையும் காண்கிறோம். கோயிலுக்கு உரியவர்களாக ஆக்கப்பட்ட தேவரடியார் மீது சூல இலச்சினை இடப்பட்ட செய்தி அவற்றில் உண்டு. இவர் எந்தக் கோயிலுக்கு உரியவர் என்பதைக் கண்டோர் அறிய அக்குறி உதவிற்று. மாட்டுக்குச் சூடு போட்டு உரிமை நாட்டும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டால் பொருள் எளிதில் விளங்கும்.

நாவுக்கரசர் தோளில் இருந்ததும் சூலம். கோயிலுக்கு ஆளாக்கப்பட்டவர் உடலில் இருந்ததும் சூலம். ஒருவர் கேட்டுப் பெற்றார். மற்றவர்க்கு அது இடப்பட்டது. வடிவம் ஒன்றாயினும் வரலாறு வேறு. அதே பெரியபுராணத்தில் வரும் ஆதனூர் நந்தனார் உடலில் எவரும் சூலம் பொறிக்கவில்லை. தில்லை எல்லையில் அவரை நிறுத்துவதற்குப் பிறப்பே பொறியாகப் போதுமானதாயிருந்தது.

நெற்றியில் எழுதிய அரசு

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் பச்சை குத்துதல் தண்டனைச் சட்டத்தில் இடம் பெற்றது. வங்காளத்தில் 1797-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்ற விவரத்தைப் பச்சை குத்தினர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை சென்னை மாகாணத்திற்கும் வந்தது. தப்பி ஓடினால் பிடிக்கலாம், ஊருக்குத் திரும்பினாலும் எவரும் அறிவர் என்பது ஆட்சியாளர் கருத்து. தண்டனை பெற்றோர் தலைப்பாகையை இறக்கிக் கட்டியும் முடியை முன்னே விட்டும் அதனை மறைக்க முயன்றனர். 1849-இல்தான் இக்கொடுமை சட்டத்தால் நீக்கப்பட்டது.

நெற்றியைத் தேர்ந்தெடுத்த காரணத்தை நம் இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும். உடலில் எல்லார் கண்ணும் முதலில் படும் இடம் நெற்றி. அதே வேளையில், கண்ணாடியின்றித் தன் நெற்றியைத் தானே காண எவராலும் இயலாது. எழுத்தைச் சுமப்பவன் ஒருவன். அதைப் படிப்பவர் ஊரார் அனைவரும். இடத்தைத் தேர்ந்தெடுப்பவன் படிப்பவரையும் தேர்ந்தெடுத்து விடுகிறான் என்பது இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

இந்தப் பாடத்தை உலகம் 20-ஆம் நூற்றாண்டில் இன்னும் கொடிய முறையில் கற்றது. செருமானிய நாசிகள் ஆசுவிட்சு முகாமில் 1941-இல் சோவியத் போர்க்கைதிகளின் மார்பில், ஊசிகள் பதித்த உலோக அச்சால் எண்களைக் குத்தினர். பின்னர் யூதர் முதலிய கைதிகளின் இடது முன்கையில் ஒற்றை ஊசியால் எண் எழுதினர். பெயருள்ள மனிதரை எண்ணாக்க ஒரு சாண் இடமும் தேவைப்படவில்லை. காவலன் கண்ணுக்கு எளிதில் தெரியும் சிறு இடமே போதுமானதாயிருந்தது.

நம்மவரும் எண்ணாக்கப்பட்டதுண்டு. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவருள் தென்னார்க்காட்டு மக்களும் இருந்தனர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். அதனருகில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம். கையெழுத்திடத் தெரியாத மக்களைக் கண்காணிக்க உடலையே கையெழுத்தாகக் கொண்டது அந்தப் பதிவேடு. ஊரில் அழகுக்குக் குத்திய பச்சையும் அத்தகைய பதிவேட்டின்முன் ஆளைப் பிடிக்க உதவும் அடையாளமாகிவிடும். இன்றும் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் கேட்கும்போது இவ்வரலாற்றின் ஒரு நிழலைக் காண்கிறோம்.

குறத்தியர் ஊசி

இவையெல்லாம் மேலிருந்து இடப்பட்ட குறிகள். இனி நம் தாய்மார் தாமே கேட்டு இடுவித்துக்கொண்ட பச்சையைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் பச்சை குத்தியவர் பெரும்பாலும் குறத்தியர். பச்சைகுத்தி என்பதே அவர்களுள் ஒரு பிரிவினர்க்குத் தொழிற்பெயராய் வழங்கிற்று. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இப்பெயரைக் குறித்துள்ளார். தொழில் முறையையும் அவர் பதிவு செய்தார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலில் குழைப்பர். ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, கரியில் தோய்த்துக் குத்துவர். நோவு தெரியாதிருக்கப் பாட்டும் பாடுவர்.

கருமையான கரியைக் குத்தியும் பச்சை என்று பெயர் வந்தது ஏன்? தோலின் மேலடுக்கைக் கடந்து அடித்தோலில் தங்கும் கரியை நாம் தோலின் ஊடாகப் பார்க்கிறோம். ஒளி சிதறி வருவதால் கருமை நீலமும் பச்சையும் கலந்த நிறமாய்க் கண்ணுக்குத் தோன்றுகிறது. தமிழர் கண்ணுக்குத் தோன்றியதையே பெயராக இட்டனர்.

அளவுக்கு ஏற்பக் கூலி இருந்தது. ஒரு புள்ளிக்கோ கோட்டிற்கோ காலணா; விரிந்த கோலத்திற்குப் பன்னிரண்டு அணா வரை என்பது தர்ஸ்டன் தரும் கணக்கு. காலணாவுக்கும் பன்னிரண்டு அணாவுக்கும் இடையே நாற்பத்தெட்டு மடங்கு வேறுபாடு. எனவே முன்கை முழுதும் கோலம் விரித்தவள் சிறுகச் சேர்த்த பணத்தைத் தன் உடலுக்கென்று செலவிட்டவள். அவளைப் பொறுத்தவரை அளவு என்பது தன் முடிவு.

கோலத்தோடு தேள், மீன், பறவை, பூ, துளசிமாடம் ஆகியனவும் பெயரெழுத்தும் குத்தப்பட்டன. கணவன் பெயரை வாயால் சொல்லாத வழக்கமுடைய பெண், அப்பெயரைக் கையில் எழுதிக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத ஒருத்தி தன் வாழ்நாளில் உரிமையாகப் பெற்ற எழுத்து அந்தச் சில எழுத்துகளாகவே இருந்திருக்கலாம். அதனை அவளால் படிக்க இயலவில்லை என்பது நம் சமுதாயத்தின் துயரம். சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது மாற்ற முனைந்தது இந்நிலையைத்தான்.

முன்கையின் உட்புறமே பெரிதும் விரும்பப்பட்டது. அங்கு வெயிலும் உராய்வும் குறைவாதலால் பச்சை நெடுநாள் தெளிவாய் இருக்கும். உள்ளங்கையிலும் விரல் ஓரத்திலும் தோல் தேய்ந்து புதுப்பிக்கப்படுவதால் விரைவில் மங்கும். வேறொன்றும் கருதத்தக்கது. கையை மடக்கினால் முன்கையின் உட்புறம் தன் கண்முன் வருகிறது. வீராணத்துப் பாசன வயல்களில் நாற்று நட்ட பெண், சேற்றைக் கழுவிய கையில் முதலில் காண்பது தன் கோலத்தை. நெற்றியில் குத்தப்பட்ட கைதியால் தன் எழுத்தைக் காண இயலவில்லை. முன்கையில் குத்திக்கொண்டவளோ தன் எழுத்தைத் தானே நாள்தோறும் பார்த்தாள்.

பச்சை குத்திக்கொண்டவர் நம் பெண்கள் மட்டுமல்லர். பல சாதிப் பெண்டிரும் குத்திக்கொண்டனர். ஆயினும் நம்மவரிடத்தில் அதற்கு ஒரு தனிப்பொருள் இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்து ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது, பெண்கள் மேலாடை அணியலாகாது என்பன அவற்றுள் சில. 1931-இல் தடைகள் பதினொன்றாயின. மானிடவியலறிஞர் அட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். கழுத்து நகையைக் கழற்றச் சொல்ல முடிந்தது. மேலாடையை இறக்கச் சொல்ல முடிந்தது. கையில் ஊன்றிய கோலத்தைக் கழற்றச் சொல்ல எந்த நாட்டாண்மையாலும் முடியவில்லை.

நம் தாய்மார்க்கு இந்த அழியா அணியைத் தந்த குறவர் சமுதாயத்தின் நிலை என்ன? 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் அவர்கள் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரையினராக அறிவிக்கப்பட்டு, கைரேகை கொடுக்கும் கட்டாயத்திற்கு ஆளாயினர். பிறர் கையில் கோலம் எழுதிய மக்களின் கையை அரசு மையில் தோய்த்து எடுத்தது. 1952-இல் அச்சட்டம் நீங்கிற்று. நம் பாட்டிமாரின் பச்சையைப் போற்றும்போது அதனை இட்ட கைகளையும் நாம் மறக்கலாகாது.

மேனியே கோயில்

ஒடுக்கப்பட்டோர் உடலின் இடத்தையும் அளவையும் தாமே வரையறுத்து ஓர் இயக்கமாக்கிய வரலாறு இன்றைய சத்தீசுகர் மாநிலத்தில் உண்டு. 1890-களில் சார்பாரா என்னும் ஊரில் தீண்டாதார் எனப்பட்ட குடியில் பிறந்த பரசுராம் என்பவர் வழியில் இராம்நாமி சமாசம் தோன்றிற்று. கோயிலுக்குள் விடமாட்டோம் என்றவர்க்கு விடையாக, இராமன் பெயரைத் தேவநாகரி எழுத்தில் தம் உடலிலேயே அவர்கள் பச்சை குத்திக்கொண்டனர்.

அவர்களிடையே இடமும் அளவும் படிநிலையாகவே வகுக்கப்பட்டன. நெற்றியில் இருமுறை பெயர் குத்தியவர் சிரோமணி. நெற்றி முழுதும் குத்தியவர் சர்வாங்க இராம்நாமி. நகம் முதல் உச்சி வரை குத்தியவர் நக்சிக். கம்பெனி அரசு குற்றவாளிக்கு இழிவெழுதிய அதே நெற்றியில், இவர்கள் தாம் விரும்பிய பெயரை எழுதினர். கோயிலைப் பூட்டியவரும் அந்த நெற்றியை நோக்காமல் போக இயலாது. ஊரார் படிக்க வேண்டுமென்றே அவர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தனர்.

இன்று அச்சமுதாய இளைஞர் உடல் முழுதும் குத்திக்கொள்வதில்லை. வேலை தேடி நகரத்திற்குச் செல்வோர் சிறிய அளவோடு நிறுத்துகின்றனர். முன்னோரை அவர்கள் மறந்துவிட்டனர் என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. காலம் மாறும்போது இடமும் அளவும் மீண்டும் ஆராயப்பட வேண்டியவையே.

இன்றைய இளைஞர்க்கு

இனி நம் ஊருக்கு வருவோம். ஊசி மின்னூசியாயிற்று, குறத்தியின் திண்ணை கண்ணாடிக் கடையாயிற்று. அண்ணல் அம்பேத்கரின் முகத்தையும் தாய் தந்தை பெயரையும் நம் இளைஞர் குத்திக்கொள்கின்றனர். அது அவர் உரிமை. உரிமையை அறிந்து ஆள்வதற்குச் சில செய்திகளை இங்கே தருகிறோம்.

முதலாவது, அரசுப் பணி. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்குப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் காவலர் தேர்வு அறிவிப்பு பச்சைக்கென்றே விதி வகுத்துள்ளது. சமயக் குறியோ பெயரோ இருக்கலாம். இடம், முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை. முன்கையென்றால் வணக்கம் செலுத்தாத இடக்கையில் மட்டுமே இருக்கலாம். அளவு, அவ்வுறுப்பில் கால் பங்குக்கும் குறைவு. இராணுவத்திலும் முன்கையின் உட்புறமும் புறங்கையுமே பொதுவாக ஏற்கப்படுகின்றன. ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் வென்ற இளைஞன், கழுத்தில் இருக்கும் பச்சையால் மருத்துவத் தேர்வில் வீழ்வது கொடுமை. படையிலோ காவலிலோ சேர எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்தல் வேண்டும்.

இரண்டாவது, எழுத்தின் அளவு. தோலினுள் சென்ற மையை உடலின் காப்பணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை இறக்கும்போது வெளிப்படும் மையைப் புதிய அணுக்கள் ஏற்றுக்கொள்கின்றன என்று பிரான்சு நாட்டு மார்சேய் நகர ஆய்வாளர் 2018-இல் எலிகளிடம் கண்டறிந்தனர். பச்சை அழியாதிருப்பது இதனால்தான். எனினும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கோடு சற்றே பரந்து தடிக்கும். தமிழ் எழுத்தில் சுழி மிகுதி. ண, ஞ, இ, ஐ போன்றவற்றைச் சிறிதாகக் குத்தினால் சுழி அடைபட்டு எழுத்து கறையாகிவிடும். சுழிக்குள் தோல் நன்கு தெரியும்படி இடைவெளி விடல் வேண்டும். சிறு இடத்தில் நீண்ட வரியைத் திணிப்பதிலும் ஒரு சொல்லை அளவாக எழுதுவது மேல்.

முகம் எழுதுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கண்ணும் மூக்கும் தெளிவாக அமைய உள்ளங்கையளவு இடமாவது தேவை. அதனைக் கட்டை விரலளவில் எழுதினால் சில ஆண்டுகளில் தலைவர் முகம் எவர் முகமோ ஆகிவிடும். அவ்வளவு இடத்தை முன்கையில் கொடுத்தால் மேற்சொன்ன கால் பங்கு விதி குறுக்கே நிற்கும். சீருடைப் பணி நாடுவோர்க்குப் பெயரே தகும்.

மூன்றாவது, இடமும் நலமும். நெஞ்சின் நடுவிலும் தோளிலும் மேல்முதுகிலும் புண் ஆறும்போது சிலர்க்குக் கெலாய்டு என்னும் தடித்த தழும்பு வளரும். கருநிறத் தோலினர்க்கு இவ்வியல்பு மிகுதி. முன்பு ஒரு காயம் அவ்வாறு தடித்திருந்தால் பச்சையைத் தவிர்ப்பதே அறிவுடைமை. ஒருவர்க்குப் பயன்படுத்திய ஊசி மற்றவர்க்கு மஞ்சட்காமாலைக் கிருமியையும் எச்.ஐ.வி.யையும் கொண்டு செல்லும். புதிய ஊசியும் புதிய மைக்குப்பியும் கண்முன் பிரிக்கப்படுகின்றனவா என்று கேட்க வெட்கப்படலாகாது. பச்சை குத்தியவர் 12 மாதங்கள் இரத்ததானம் செய்யலாகாது என்பதும் நாட்டின் நெறிமுறை. லேசர் ஒளியால் அழிக்கலாம் என்பர். அதற்குப் பலமுறை செல்ல வேண்டும், செலவு மிகுதி, கருந்தோலில் வெண்திட்டு விழவும் கூடும்.

நான்காவது, முன்னோர் காட்டிய வழி ஒன்று. சங்கப் பெண்டிர் எழுதிய தொய்யிலைப் போல, மருதாணியாலோ பேனா மையாலோ விரும்பிய இடத்தில் விரும்பிய அளவில் முதலில் எழுதிப் பார்க்கலாம். சில நாள் அதனோடு வேலைக்குச் சென்று, உறவினர்முன் நின்று, கண்ணாடியில் பார்த்தபின் முடிவு செய்யலாம். நண்பர் கூட்டமோ தேர்தல் ஆரவாரமோ உந்தும் நாளில் குத்திக்கொள்ளலாகாது. கட்சித் தொண்டர் கட்சிக் கொடியைக் கையில் குத்திக்கொள்ள வேண்டுமென்று தலைமையே விரும்பிய காலம் 1970-களில் தமிழகத்தில் இருந்தது. கட்சி மாறியவர் கையில் அக்கொடி மாறவில்லை.

பல நூற்றாண்டுகளாக நம்மவர் உடலில் எதை, எங்கே, எவ்வளவு எழுதுவது என்பதைக் கோயிலும் அரசும் கங்காணியும் முடிவு செய்தனர். காலணாவும் பன்னிரண்டு அணாவும் சேர்த்துவைத்து, முன்கையின் உட்புறத்தைத் தாமே தேர்ந்து, தம் கண் காணும்படி கோலம் எழுதிக்கொண்ட பாட்டிமார் அந்த உரிமையை ஓசையின்றி மீட்டனர். அவர்கட்குக் கிடைக்காத கல்வி இன்று நமக்குக் கிடைத்துள்ளது. தன் கையில் உள்ள எழுத்தை ஆயாவால் படிக்க இயலவில்லை, பேத்தியால் இயலும். ஆதலால் இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் கல்விக் கழக இளைஞர்க்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். ஊர்தோறும் முதிய தாய்மாரிடம் சென்று, அவர்கள் இசைவு பெற்று, கையில் உள்ள பச்சையைத் தாளில் அதே அளவில் வரைந்து கொள்ளுங்கள். எவ்வயதில், எவரிடத்தில், என்ன கூலிக்குக் குத்தியது என்று கேட்டு எழுதுங்கள். அந்த வரலாற்றைப் படித்தபின் உங்கள் கையில் என்ன எழுதலாம், எழுதாமலே விடலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.